மாடல் குதிரைகளை இனத்தின் உடலமைப்புப்படி மதிப்பிடுவது எப்படி

குதிரையின் சிறு உருவச்சிலைகளைப் போட்டிக்கு வைப்பது மாடல் குதிரைக் காட்சி. அதன் இன வகுப்பில், மேசையில் நிற்பது பிளாஸ்டிக்கோ ரெசினோ பீங்கானோ, அதை உயிருள்ள குதிரையாகவே எண்ணித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வண்ணம் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கிறது, ஒட்டுக்கோடு தெரிகிறதா என்பதெல்லாம் வேலைத்திறன் என்ற தனித் தீர்ப்புக்குப் போகும். எவ்வளவு அரிய பதிப்பு என்பது சேகரிப்பு மதிப்பு என்ற இன்னொரு தீர்ப்புக்கு. இந்த மூன்றையும் கலந்துவிடுவதுதான் புதிய நடுவர்களிடம் அதிகம் காணும் கோளாறு. வட அமெரிக்காவில் நாம்ஸா எனப்படும் மாடல் குதிரைக் காட்சிச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற காட்சிகளில் முதல் இரண்டு இடங்களுக்குத் தேசியப் போட்டிக்கான தகுதி அட்டை கிடைக்கிறது. ஆகவே ஒரு வகுப்பில் செய்யும் பிழை அந்த அறையோடு நின்றுவிடாது.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று, இதே வரிசையில். இந்த உடல் உயிரோடு இருக்க முடியுமா? இருந்தால், அது நன்றாக அமைந்த குதிரையா? நன்றாக அமைந்திருந்தால், மாடலின் பக்கத்தில் வைத்த அட்டையில் உரிமையாளர் எழுதியுள்ள இனத்தைச் சேர்ந்ததா?

வரிசை மாறினால் முடிவு மாறிவிடும். பின்கால்களின் நடுவே உள்ள ஹாக் மூட்டுகள் உள்நோக்கிச் சாய்ந்த குதிரைகள் லாயங்களில் நிறைய உண்டு. அவை நடக்கும், ஓடும், குட்டி போடும். அது உடலமைப்புக் குறை. ஆனால் இடது முன்காலில் முட்டிக்குக் கீழே உள்ள கேனன் எலும்பு வலதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி நீளமாக இருக்கும் குதிரை இயல்பில் கிடையாது. அது உடற்கூற்றுப் பிழை, சிற்பியின் பிழை. குறை எவ்வளவு பெரிதானாலும் அதைப் பிழைக்குக் கீழே வைப்பது அநியாயம். முகம் பார்க்க அழகாக இருக்கிறது என்று பிழையுள்ள சிற்பத்துக்கு முதலிடம் கொடுத்தால், உண்மைக் குதிரையைப் படித்துச் செய்த சிற்பிக்குத் துரோகம் செய்கிறோம்.

பார்க்கும் முறை

கண் குதிரையின் முதுகு மட்டத்துக்கு வரும்வரை குனியுங்கள் அல்லது மண்டியிடுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் முதுகு அகன்றும் கால்கள் குட்டையாகவும் தெரியும், கால்களின் கோணங்கள் எதுவும் புலப்படாது. முதலில் பக்கவாட்டில், பிறகு முன்னால், பின்னால், கடைசியாக மேலிருந்து. மேலிருந்து பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதுகெலும்பு வளைந்து போவதும், விலா ஒரு பக்கம் மட்டும் புடைத்திருப்பதும், இடுப்பு முனைகள் சமமாக இல்லாததும் அங்கிருந்துதான் தெரியும்.

பிடரிமயிர் விழுந்திருக்கும் பக்கத்தை மட்டும் காட்டி நிறுத்தியிருந்தால் மறுபக்கம் போய்ப் பாருங்கள். நீண்ட மயிர் கழுத்தின் தவறான இணைப்பை மறைக்கும். கணுக்காலின் அடர்மயிர், கேனனின் கீழ்முனையில் உள்ள மூட்டான ஃபெட்லாக்கை மறைக்கும். வண்ணமும் மறைக்கும்: இருண்ட நிழல் தீட்டித் தசையே இல்லாத இடத்தில் தசை இருப்பதுபோல் காட்டிவிடலாம். சிறிய டார்ச் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் செதுக்கிய மேடு உண்மை நிழலைத் தரும், தீட்டிய மேடு தராது.

மாடலைத் தொடாதீர்கள். திருப்பிப் பார்க்க வேண்டுமானால் உரிமையாளரையோ காட்சி உதவியாளரையோ கேளுங்கள். அளப்பதற்கு ஒரு பென்சிலைக் கண்ணுக்கு நேரே கை நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் நீளத்தைக் குறித்து, அதே நீளத்தை உடலின் மற்ற பகுதியோடு ஒப்பிடலாம். வீட்டில் பயிற்சி செய்யும்போது கவராயம், கோணமானி, நுனியில் சிறு எடை கட்டிய நூல் மூன்றும் போதும். நூலும் கவராயமும் வைத்துப் பழகிய கண் காட்சியில் அவை இல்லாமலே வேலை செய்யும்.

முதல் கேள்வி: எலும்பும் மூட்டும்

தலையில் தொடங்குங்கள். கண் தலையின் மேல்பாதியில், பக்கவாட்டில் இருக்க வேண்டும். முகத்தை இனிமையாக்க வேண்டும் என்று கண்களைப் பெரிதாக்கி முன்பக்கமாகத் திருப்பிவிடுவது சிற்பிகள் அடிக்கடி செய்வது. குதிரையின் கண்மணி கிடைமட்டமாக நீண்டது. வட்டமாகத் தீட்டியிருந்தால் பார்வையே குதிரைப் பார்வையாக இருக்காது. கண்ணுக்குக் கீழே தொடங்கி முன்னோக்கி ஓடும் முக எலும்பு விளிம்பு இருக்கிறதா, அது கண்ணுக்கு நேர் கீழே இருக்கிறதா பாருங்கள்.

கழுத்தெலும்புகள் ஏழு. அவை கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டிப் போவதில்லை. தலைக்கருகே மேலே தொடங்கி, கழுத்தின் அடிப்பகுதியில் தாழ்ந்து தோள்களுக்கு நடுவே இறங்குகின்றன. ஆகவே தலையைத் திருப்பிய குதிரையில் வளைவு கழுத்து முழுவதும் பரவி இருக்க வேண்டும். குழாயை மடித்ததுபோல் ஒரே இடத்தில் முறிந்திருந்தால் பிழை.

தோளைப் பார்க்கும் இடத்தில்தான் நல்ல நடுவர் தெரிவார். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பு தசைகளால் மட்டுமே உடலோடு கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே அது நகரும். முன்கால் முன்னே நீளும்போது தோள் முனை மேலும் முன்னும் போகும், தோள்பட்டையின் மேல்முனை பின்னால் சாயும். கால் பின்னே போகும்போது இது தலைகீழாகும். ஒரு கால் முன்னேயும் மறுகால் பின்னேயும் இருக்கும் மாடலில் இரண்டு தோள்களும் ஒரேமாதிரி இருந்தால், கால்களை மட்டும் மாற்றி உடலை நிற்கும் குதிரையாகவே விட்டுவிட்டார்கள் என்று பொருள். அழகான மாடல்கள் பல இந்த ஒரு சோதனையில் விழுகின்றன.

பின்காலுக்கும் இதுபோல ஒரு சட்டம் உண்டு. ஸ்டைஃபில் என்பது நம் முழங்காலுக்கு இணையான மூட்டு, அடிவயிறு தொடையோடு சேரும் இடத்தில் இருக்கும். ஹாக் என்பது நம் குதிகாலுக்கு இணையானது. இவை இரண்டும் தசைநார்களால் பூட்டப்பட்டவை. ஒன்று மடங்கினால் மற்றதும் மடங்கும், ஒன்று நீண்டால் மற்றதும் நீளும். ஸ்டைஃபில் நன்றாக மடங்கியிருக்க ஹாக் மட்டும் நேராக நீட்டியிருப்பது உயிருள்ள குதிரையில் தசைநார் அறுந்தால் மட்டுமே நடக்கும். உதைக்கும் குதிரை, துள்ளும் குதிரை, படுத்து எழும் குதிரை ஆகிய மாடல்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எடை தாங்கும் காலில் ஃபெட்லாக் இறங்கும், அதற்கும் குளம்புக்கும் இடையிலுள்ள பாஸ்டர்ன் கிடைமட்டத்தை நோக்கிச் சாயும். காற்றில் இருக்கும் காலில் அவை தளர்ந்து பின்னோக்கி மடங்கும். ஓட்டத்தில் ஒற்றைக்காலில் முழு எடையும் இருக்கும்போதும் பாஸ்டர்ன் நின்ற நிலையிலேயே இருந்தால் எடை எங்கும் இறங்கவில்லை. ஒரு பின்காலைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் குதிரையில் அந்தப் பக்கத்து இடுப்பு முனை தாழும். இரண்டு முனைகளும் சமமாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இடவலம் ஒப்பிடுங்கள்: கேனனுக்குக் கேனன், பாஸ்டர்னுக்குப் பாஸ்டர்ன், முன்கைக்கு முன்கை. பின்கால் கேனன் முன்கால் கேனனைவிட நீளமாக இருப்பதும், ஹாக்கின் முனை முன்கால் முட்டியைவிட உயரத்தில் இருப்பதும் இயல்பு. செஸ்ட்நட் எனப்படும் கொம்புத்தோல் தழும்பு முன்காலில் முட்டிக்கு மேலேயும் பின்காலில் ஹாக்குக்குக் கீழேயும் உள்பக்கம் இருக்கும். கழுதைக்கு முன்கால்களில் மட்டுமே உண்டு. கழுதை வகுப்பில் பின்காலிலும் அது செதுக்கியிருந்தால் சிற்பி குதிரையைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

கால் வைப்பு நடைக்குப் பொருந்துகிறதா

மெதுவாக நடக்கும்போது நான்கு அடி தனித்தனியாக விழும்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். பின்குளம்பு அதே பக்கத்து முன்குளம்பை நெருங்கும் கணத்தில் அந்த இரு கால்களும் வி வடிவில் சேரும். டிராட் என்ற மெல்லோட்டத்தில் மூலைக்கு மூலை: வலது முன், இடது பின் ஒன்றாக. பேஸ் என்ற ஓட்டத்தில் ஒரே பக்கத்துக் கால்கள் ஒன்றாக. கேன்டர் என்ற நடுவேக ஓட்டத்தில் மூன்று அடி: ஒரு பின்கால், பிறகு மூலைக்கு மூலை ஒரு ஜோடி, பிறகு முன்னோடும் முன்கால்.

கேலப் என்ற முழுவேக ஓட்டத்தில் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் கால்கள் வயிற்றுக்கடியில் குவிந்திருக்கும்போது வருகிறது. 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்கள் இதைக் கண்ணால் காட்டின. அதற்கு முந்தைய ஓவியங்களில் முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் ஒருசேர நீட்டிப் பறக்கும் குதிரைகளைக் காணலாம். அந்தப் பழைய நிலையில் செய்த மாடல் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றலாம், ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை.

நடை இனத்தோடும் பொருந்த வேண்டும். ஒரே பக்கத்துக் கால்கள் இணைந்து போகும் மாடலை ஸ்டாண்டர்ட்பிரெட், ஐஸ்லாண்டிக் என்று காட்டினால் சரி, தாரோபிரெட் என்று காட்டினால் கேள்வி கேளுங்கள். ஐஸ்லாண்டிக்கின் டோல்ட் நடையில் எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும், ஆகவே நான்கு காலும் காற்றில் இருப்பதை டோல்ட் என்று சொல்ல முடியாது. டென்னஸி வாக்கிங் குதிரையின் ரன்னிங் வாக்கில் பின்குளம்பு முன்குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டி விழும், தலை ஆடும்.

இரண்டாம் கேள்வி: நல்ல அமைப்பு

தலையின் நீளத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். காதுகளுக்கு நடுவே உள்ள உச்சியிலிருந்து மேலுதடுவரை ஒரு தலை. சவாரிக் குதிரையில் கழுத்தும் முதுகும் சேரும் விதர்ஸ் மேட்டின் உயரம் ஏறத்தாழ இரண்டரைத் தலை. தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை உடல் நீளமும் அதே அளவுதான், அதாவது உயரமும் நீளமும் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். கழுத்து ஒன்றேகால் முதல் ஒன்றரைத் தலை. இவை விதியல்ல, தொடங்கும் இடம். சில இனங்களில் நீளம் கூடும், சிலவற்றில் குறையும், அப்போது அந்த இனத்தின் தரக்குறிப்பைப் பார்த்து முடிவெடுங்கள்.

உடலைப் பக்கவாட்டில் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: தோள், நடு, பின்பகுதி. மூன்றும் ஏறத்தாழ சமமாக இருப்பது நன்று. நடுப்பகுதி நீண்டிருந்தால் முதுகு வலுவிழக்கும். தோள் செங்குத்தாக இருந்தால் எடுத்து வைக்கும் அடியின் நீளம் குறையும், தரையின் அதிர்ச்சி காலில் ஏறும். தோளின் சாய்வுக்கு 45 முதல் 55 பாகை என்பது பரவலாக ஏற்கும் எல்லை. பாஸ்டர்னும் குளம்பின் முன்முகமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இந்தக் கோடு முறிவது மாடல்களில் மிகவும் காணும் குறை, ஏனென்றால் குளம்பு வார்ப்பில் தட்டையாகிவிடும், வண்ணக்காரர் அரத்தால் தேய்த்து மேலும் கெடுத்துவிடுவார்.

கால்களுக்கு நூல் சோதனை. பக்கவாட்டில் தோள்பட்டை எலும்பின் நடுவிலிருந்து விழும் நூல் முன்கையையும் முட்டியையும் கேனனையும் இரண்டாகப் பிரித்து ஃபெட்லாக்குக்கு வந்து குதியின் பின்னே தரையைத் தொட வேண்டும். முட்டி இந்தக் கோட்டுக்கு முன்னே வந்தால் முன்வளைந்த முட்டி, பின்னே போனால் பின்வளைந்த முட்டி. பின்வளைவுதான் கூடுதல் கேடு. மூட்டின் முன்பக்க எலும்புகள் ஒன்றோடொன்று நசுங்கும் என்பதால் ஓட்டக்குதிரை இதனால் உடையும். பின்காலுக்கு நூல் பிட்ட முனையிலிருந்து விழுந்து ஹாக்கின் முனையைத் தொட்டு, கேனனின் பின்பக்கத்தோடு இணையாகப் போக வேண்டும். கேனன் முன்னோக்கிச் சாய்ந்து குளம்பு வயிற்றின் கீழே வந்தால் அரிவாள் ஹாக். ஹாக்கின் கோணம் மிகவும் விரிந்து கால் கம்பம்போல் நேராக நின்றால் அதுவும் குறைதான். முழுக் காலும் நூலுக்குப் பின்னே நின்றால் பின்வாங்கிய கால்.

முன்னாலிருந்து, தோள் முனையில் விழும் நூல் முழுக்காலையும் நடுவே பிரிக்க வேண்டும். முட்டிக்கும் கேனனுக்கும் நடுக்கோடு ஒத்து வராமல் கேனன் வெளிப்பக்கம் தள்ளியிருப்பது, குளம்பு நுனிகள் உள்ளே திரும்புவது, வெளியே திரும்புவது மூன்றையும் தனித்தனியே பாருங்கள். பின்னாலிருந்து பார்க்கையில் ஹாக்குகள் சற்றே உள்ளே சாய்ந்திருப்பதைப் பெரிதாக்க வேண்டாம். பல இனங்களில் அந்தச் சிறு சாய்வு இயல்பு. ஹாக்குகள் வெளியே வளைந்து குளம்புகள் உள்ளே குவிவது கடுமையான குறை.

அடி எடுத்து வைக்கும் நடுவில் இருக்கும் குதிரையில் நூல் சோதனை நேராகப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஓடும் குதிரையின் அரிவாள் ஹாக் என்று நீங்கள் நினைப்பது அந்தக் கணத்தின் கோணமாக இருக்கலாம். அசையும் மாடலில் மூட்டு எந்தத் தளத்தில் மடங்குகிறது என்பதைப் பாருங்கள்: முட்டியும் ஹாக்கும் கதவின் கீல்போல முன்பின் மட்டும் அசைபவை, பக்கவாட்டில் மடங்கியிருந்தால் அது முதல் கேள்வியின் பிழையாகிவிடும்.

பிளாஸ்டிக் மாடல்களில் இன்னொரு சிக்கல். செல்லுலோஸ் அசிடேட் வெப்பத்தில் வளையும். கால் வளைந்து குதிரை ஒருபக்கம் சாய்ந்தால் அது வார்ப்பின் குறையல்ல, அந்தப் பிரதியின் குறை. ஆனாலும் நடுவர் முன்னே நிற்கும் குதிரையைத்தான் தீர்ப்பிட முடியும். உரிமையாளர் வெந்நீரில் காட்டி நிமிர்த்திக் கொண்டுவந்திருக்க வேண்டியது.

மூன்றாம் கேள்வி: இனம்

இங்கே நிதானம் வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் இனத்தை உரிமையாளர் தேர்ந்தெடுக்கிறார். ஒரே வார்ப்பு ஒரு மேசையில் மோர்கனாகவும் இன்னொரு மேசையில் அரேபியனாகவும் வரலாம். ஒவ்வொரு முறையும் உங்கள் கேள்வி, எந்த இனமாக இருந்திருக்கும் என்பதல்ல, எழுதிய இனத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான்.

அரேபியனில் குழிந்த முகம், அகன்ற நெற்றி, தாழ்வாகவும் அகலமாகவும் அமைந்த கண், சிறிய மூக்கு நுனி, வளைந்து மேலே சேரும் தொண்டை, குறுகிய முதுகு, கிடைமட்டமான பிட்டம், உயர்ந்த வால். 14.1 முதல் 15.1 ஹேண்ட் உயரம். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், புள்ளிக்குப் பின் வருவது அங்குலம். முகக்குழிவு அளவு மீறிப் போன மாடல்கள் நிறைய வருகின்றன. மூக்குக் குழாய்க்கும் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கும் இடமே இல்லாத முகம் அழகல்ல, அந்தக் குதிரையால் மூச்சுவிட முடியாது. இனச்சாயலை மிகைப்படுத்திய மாடலை நேரே முதல் கேள்விக்கு அனுப்புங்கள்.

மோர்கன் அரேபியனோடு குழம்புவது கழுத்தாலும் குறுகிய முதுகாலும். மோர்கனில் முகம் நேராகவோ மிக லேசாகவோ குழிந்திருக்கும், கழுத்து தோளிலிருந்து நிமிர்ந்து எழும், உடல் கட்டுறுதியாகத் தசைப்பிடிப்போடு இருக்கும்.

ஸ்பானிய இனங்களில் மிகவும் காணும் தவறு, நீண்ட அலையலையான பிடரியும் வளைந்த கழுத்தும் இருந்தால் போதும் என்று எதையும் ஆண்டலூசியன் என்று காட்டுவது. பிட்டத்தைப் பாருங்கள். அது சரிந்திருக்க வேண்டும், வால் தாழ்வாகப் பொருந்த வேண்டும், முகம் நேராகவோ சற்றே புடைத்தோ இருக்க வேண்டும். கிடைமட்டப் பிட்டமும் உயர்ந்த வாலும் உள்ள ஆண்டலூசியன் உடனே கீழே இறங்கும். லூசிட்டானோவில் முகப்புடைப்பும் பிட்டச் சரிவும் இன்னும் கூடும்.

அமெரிக்க சேடில்பிரெட் நீண்ட கழுத்து, மிக உயரத்தில் பொருந்தியது, கிடைமட்டப் பிட்டம். டென்னஸி வாக்கிங் குதிரையின் பிட்டம் சரியும். இந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதி வகுப்பு பிரிந்துவிடும்.

குவார்ட்டர் குதிரையில் குட்டைத் தலை, பெரிய தாடை, அகன்ற மார்பு, பிட்டத்தில் வலுவான தசை. தாரோபிரெட் அதற்கு எதிர்: நீண்ட தசை, ஆழ்ந்த மார்பு, நீளமான கால், சாய்ந்த தோள். காட்சிக் குவார்ட்டர்களில் தசையைக் கூட்டிக்கொண்டே போகும் பாணியைக் கவனமாக எடைபோடுங்கள். 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற குதிரையின் வழியே ஹெச்.ஒய்.பி.பி. என்ற தசைநோய் பரவியது. பெரிய தசையை மட்டும் விரும்பித் தேர்ந்தெடுத்தது அதற்கு வழிவிட்டது. சின்னக் குளம்பும் நேர்க்கம்பக் காலும் பெரிய பிட்டமும் சேர்ந்த மாடலுக்கு இனச்சாயல் மதிப்பெண் கொடுக்கலாம், உடலமைப்பில் குறைத்துவிடுங்கள்.

பார இனங்களில் எலும்பின் தடிமனே முக்கியம். சவாரிக் குதிரையின் வார்ப்பைப் பருமனாக்கி, கணுக்காலில் மயிர் ஒட்டிவைத்தால் ஷயர் ஆகாது: முட்டியும் ஹாக்கும் அகன்று, குளம்பு பெரிதாக இருக்க வேண்டும். பெர்ஷெரானுக்குக் கணுக்கால் மயிர் மிகக் குறைவு. கிளைட்ஸ்டேலுக்கு நிறைய. சஃபோக் பஞ்சுக்கும் கணுக்கால் மயிர் கிட்டத்தட்ட இல்லை.

மார்வாரியில் உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும் காதுகள் இல்லையென்றால் வேறு எதுவும் அதை மார்வாரி ஆக்காது. அகால்-டெக்கேயில் மெலிந்த நீண்ட உடல், மெல்லிய பிடரி, பாதி மூடியதுபோன்ற கண். அதன் உலோக மினுமினுப்பு வண்ணக்காரரின் வேலை, அது இல்லாமலும் உடல் அந்த இனமாக இருக்க வேண்டும்.

குட்டைக் குதிரை வகையான போனி உயரத்தால் மட்டும் முடிவாவதில்லை. மாடல் சிறியது என்பதால் போனி ஆகிவிடாது. போனியில் உடலோடு ஒப்பிட்டால் கால்கள் குட்டை, கேனன் குறுகியது, மார்பு ஆழம், எலும்பு தடிமன். 15 ஹேண்ட் குதிரை, அதாவது 152.4 செ.மீ., 1:9 அளவில் விதர்ஸில் 16.9 செ.மீ., 1:12 அளவில் 12.7 செ.மீ., 1:32 அளவில் ஏறத்தாழ 4.8 செ.மீ. வரும். ஒரே வகுப்பில் எல்லா அளவும் கலந்து நிற்கலாம். பெரியதற்குச் சலுகை கொடுக்காதீர்கள், விகிதம்தான் பேச வேண்டும்.

நிறம், பால், வயது

நிறத்தின் நேர்த்தி வேலைத்திறனுக்குப் போனாலும், அந்த நிறம் அந்த இனத்தில் உண்டா என்பது இங்கேதான். தூய அரேபியனில் நிறத்தை வெளுக்கவைக்கும் கிரீம் மரபணு இல்லை, ஆகவே பொன்னிற உடலும் வெள்ளைப் பிடரியும் கொண்ட பாலமினோ அரேபியன் இருக்க முடியாது. முதுகில் கருங்கோட்டோடு மங்கிய நிறமான டன்னும், பெரிய வெள்ளைத் திட்டுகளுள்ள டோபியானோவும் அப்படியே. கலப்பு அரேபியன் என்று எழுதியிருந்தால் வேறு பேச்சு. ஃப்ரீசியன் கறுப்பு, நெற்றியில் சிறு வெள்ளைப் பொட்டு மட்டும் ஏற்பு. கிளீவ்லாந்து பே எப்போதும் பே, அதாவது பழுப்பு உடலும் கரிய பிடரியும். சஃபோக் பஞ்ச் எப்போதும் செஸ்ட்நட், இங்கே அது செம்பழுப்பு நிறத்தின் பெயர். ஹாஃப்லிங்கர் வெளுத்த பிடரியோடு செஸ்ட்நட். ஃபியோர்டு எல்லாம் டன் வகை, முதுகில் கருங்கோடும் பிடரியின் நடுவே கரிய மயிரும் இருக்கும். அப்பலூசாவில் புள்ளிகளோடு மூக்கைச் சுற்றிப் புள்ளித்தோலும் வரியுள்ள குளம்பும் பாருங்கள்.

வயதும் நிறத்தோடு சேர்ந்தது. கிரே குதிரை கரிய அல்லது பழுப்பான குட்டியாகப் பிறந்து ஆண்டு ஆண்டாக வெளுக்கும். லிப்பிசான் குட்டி கருமையாகத்தான் பிறக்கும். புள்ளி மேகம் விரிந்த கிரே வண்ணத்தில் பால்குடி குட்டி வைத்திருந்தால் தவறு. குட்டியின் அமைப்பும் சிறிய பெரிய குதிரையல்ல: காலின் நீளம் பிறக்கும்போதே பெரும்பகுதி வந்துவிடும், உடல் குறுகியிருக்கும், தலையில் மூக்கு நுனி குட்டையாக இருக்கும்.

பொலிகுதிரை, பெண் குதிரை, காயடித்த குதிரை என்று எழுதியிருப்பது உடலில் தெரிய வேண்டும். பொலிக்குதிரையின் தடித்த கழுத்தையும் தாடையையும் வைத்துக்கொண்டு பெண் என்று எழுதியிருந்தால் சற்றுக் குறைவு. அடிவயிற்றில் எதிர்மாறாகச் செதுக்கியிருந்தால் உறுதியான தவறு.

ஆவண அட்டை

அரிய இனங்களுக்கு உரிமையாளர்கள் இனத் தரக்குறிப்பும் ஒன்றிரண்டு படமும் வைத்த அட்டை கொடுப்பார்கள். படித்துப் பாருங்கள், நன்றி சொல்லுங்கள், பிறகு குதிரையைப் பாருங்கள். அட்டை ஒரு பழக்கமில்லாத இனத்தை உங்களுக்கு விளக்கலாம். ஆனால் கேனன் நீளம் ஒத்துவராததை எந்த அட்டையாலும் சரிசெய்ய முடியாது.

இடம் கொடுப்பது

முதல் சுற்றில் யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். மேசையை ஒருமுறை முழுவதும் சுற்றி, முதல் கேள்வியில் விழுந்தவற்றை மனதில் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாம் சுற்றில் மீதியில் உடலமைப்பும் இனமும். மூன்றாம் சுற்று முதல் ஐந்தாறுக்கு மட்டும், மண்டியிட்டு. பயிற்சிக்கு நூறு மதிப்பெண் தாள் வைத்துக்கொள்வது நல்லது: உடற்கூறும் அசைவும் 40, உடலமைப்பு 25, இனச்சாயல் 25, நிறமும் பாலும் வயதும் 10. தலையே இனம் என்று நினைப்பவர்கள் இந்தத் தாளில் தங்கள் எண்களைப் பார்த்தால் எங்கே சாய்கிறார்கள் என்று தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று மாடல்கள் நிற்கின்றன. அரேபியன்: முகம் அற்புதம், ஆனால் முன்கால் நீண்டிருக்க தோள் நகரவில்லை. மோர்கன்: முகம் சாதாரணம், ஹாக் லேசாக உள்ளே, மற்றதெல்லாம் நேர். ஆண்டலூசியன்: உடற்கூறு சரி, அமைப்பும் நன்று, பிட்டம் கிடைமட்டம். மோர்கன் முதலில், ஆண்டலூசியன் இரண்டாவது, அரேபியன் மூன்றாவது. மோர்கனின் குறை உயிருள்ள குதிரைகளில் சாதாரணம். ஆண்டலூசியன் நல்ல குதிரை, ஆனால் தன் இனத்தின் அடையாளம் ஒன்றை இழந்திருக்கிறது. அரேபியன் எவ்வளவு அழகானாலும் அந்தத் தோளோடு அந்த அடியை எடுத்து வைக்க முடியாது.

கடைசி இரண்டும் எப்படிப் பார்த்தாலும் சமம் என்றால் குளம்புகளுக்குப் போங்கள். சிற்பிகள் கடைசியாகச் செய்வதும் அவசரமாகச் செய்வதும் அவைதான். முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு சற்று நீண்ட முட்டை வடிவிலும் இருக்க வேண்டும். நான்கும் ஒரே வடிவம் என்றால் ஒரே குளம்பை நகலெடுத்திருக்கிறார்கள். நுனியின் சாய்வும் குதியின் சாய்வும் ஏறத்தாழ இணை. மயிரெல்லை முன்னே உயர்ந்து குதியை நோக்கி இறங்கும். தூக்கிய காலின் அடியில் குதியிலிருந்து நுனியை நோக்கிக் குறுகும் முக்கோணமான ஃப்ராக்கும் அதன் இருபக்கப் பள்ளங்களும் செதுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அடிப்பகுதி வழுவழுவென்று தட்டையாக விடப்பட்டிருந்தால், மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது, ஃப்ராக் உள்ளதற்கே மேலிடம்.